வன்னி வயலும் பார உலோகமும்: பயிருக்குள் ஓமோன்கள் என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கமம் செய்கிற உறவினர்களும் நண்பர்களும் கடந்த சில போகங்களாக என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் விவசாயம் படித்தவன் என்பதால் கேட்கிறார்கள். பாதிக் கேள்விகள் கடையில் ஓமோன் என்று விற்கும் வளர்ச்சி மருந்துப் போத்தல்களைப் பற்றியவை. மீதி, பார உலோகம் கலந்திருக்குமோ என்று கிணற்றுத் தண்ணீரையும் சிறுநீரகத்தையும் நினைத்துப் பயந்து கேட்டவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு விஷயம் நழுவிப்போகிறது. பயிர் தப்புவது வேறு, அந்தப் பயிரின் நெல் சாப்பிடத் தகுந்ததாக இருப்பது வேறு. கீழே உள்ள பதில்களில் திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பார உலோகம் என்றால் எவை? எல்லாமே நஞ்சா?

இல்லை. நாகமும் செம்பும் பார உலோகங்கள்தான், ஆனால் அவை இல்லாமல் நெல் வளராது. அளவு மிஞ்சினால்தான் கெடுதல். கட்மியம், ஈயம், பாதரசம் அப்படியல்ல. அவற்றால் நெல்லுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆசனிக் கண்டிப்பாகச் சொன்னால் உலோகம் அல்ல, உலோகப்போலி. தீங்கு ஒரே மாதிரி என்பதால் இந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். வயலில் கட்மியத்தையும் ஆசனிக்கையும், வீட்டுத்தோட்டத்தில் ஈயத்தையும் கவனித்தால் பெரும்பாலான பிரச்சினையைக் கவனித்ததாகிவிடும்.

எங்கள் மண்ணுக்கு இவை எங்கிருந்து வருகின்றன?

முதலில் பசளை. பொசுபேற்றுப் பசளை பாறையிலிருந்து செய்யப்படுகிறது. கடற்படிவுப் பாறைகளில் கட்மியம் இயற்கையாகவே கலந்திருக்கும். பாறைக்குப் பாறை அளவு மாறும். போகத்துக்குப் போகம் மிகச் சிறிய அளவுதான் சேரும், ஆனால் சேர்ந்தது மண்ணை விட்டு இலேசில் போகாது. எப்பாவலவில் கிடைக்கும் அப்பற்றைற்று என்ற பொசுபேற்றுப் பாறை எரிமலைக் குழம்பில் உருவானது என்பதால் அதில் கட்மியம் குறைவு. ஆனால் அது மெல்லத்தான் கரையும். மூன்று மூன்றரை மாத நெல்லுக்கு அது ஈடுகொடுக்காது.

இரண்டாவது, நாமே கொட்டுவது. எங்கள் ஊரில் ஒரு காணியின் மூலையில் முன்பு பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கினார்கள். இப்போது அங்கே கொட்டகையும் இல்லை, அடையாளமும் இல்லை. அதே இடத்தில் ஒரு குடும்பம் கீரை போட்டிருந்தது. எனக்கு விஷயம் தெரிந்த அன்று அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்.

மூன்றாவது, எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பது: யுத்தம். துப்பாக்கி ரவையின் உள்ளீடு பெரும்பாலும் ஈயம். வெற்றுக் கோதுகள் செம்பும் நாகமும் சேர்ந்த பித்தளை. 2009 வரை கடும் சண்டை நடந்த இடங்களில் மேல்மண்ணில் இவை இருக்க இடமுண்டு. ஈயம் மண்ணுக்குள் ஓடித் திரியாது, விழுந்த இடத்தருகே மேல்படையில் பிடித்துக்கொண்டு இருக்கும். ஆகவே ஒரு காணியில் இருந்தால் அடுத்த காணியிலும் இருக்கவேண்டும் என்றில்லை. வன்னி முழுவதும் நஞ்சாகிவிட்டது என்று பேசுவதும் பிழை, ஒன்றுமே இல்லை என்று கையை விரிப்பதும் பிழை. அந்தந்தக் காணியைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். சந்தேகமான இரும்பு கண்ணில் பட்டால் மாதிரி எடுக்கிறேன் என்று மண்வெட்டியைப் போடாதீர்கள். பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ அறிவியுங்கள்.

சிறுநீரக நோய் இதனால்தான் வருகிறதா?

வடமத்திய மாகாணத்தில் 1990களில் தெரியவந்த, காரணம் புலப்படாத அந்த நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. கட்மியம், ஆசனிக், கடின நீர், புளோரைட்டு, பீடைகொல்லிகள், வெயிலில் நீர் இழந்து வேலை செய்வது என்று பலவற்றின் மேல் சந்தேகம் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் கட்மியம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதில் ஐயமே இல்லை. யப்பானில் ஜின்சு ஆற்றோரம் சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பும் சிறுநீரகமும் கெட்டன. வலியில் அவர்கள் கத்திய 'இத்தாய் இத்தாய்' என்ற சொல்லே நோயின் பெயராயிற்று. காரணம் கட்மியம் என்று 1968இல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. உடம்புக்குள் போன கட்மியத்தில் பாதி வெளியேறவே 10 தொடக்கம் 30 ஆண்டுகள் எடுக்கும்.

வேருக்குள் அது எப்படி நுழைகிறது? பயிருக்குத் தெரியாதா?

ஆள் மாறாட்டம் செய்துதான் நுழைகிறது. கட்மியத்துக்கென்று வேரில் தனி வாசல் கிடையாது. நெல்லில் மங்கனீசு போகும் வாசலாலும், இரும்பு, நாகம் போகும் வாசல்களாலும் உள்ளே வரும். ஆசனிக் வயல் காய்ந்திருக்கும்போது பொசுபேற்று வாசலால் வரும். வெள்ளம் நிற்கும்போது வேறு வடிவம் எடுத்துச் சிலிக்கன் வாசலால் வரும். நெல் சிலிக்கனை ஆசையாக உறிஞ்சும் பயிர். அதனால்தான் மற்றத் தானியங்களைவிட நெல்லில் ஆசனிக் அதிகம் ஏறுகிறது.

உள்ளே போனதும் நொதியங்களில் நாகமும் இரும்பும் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கலத்துக்குள் அடங்காத ஒட்சிசன் வடிவங்கள் பெருகும். அவை மென்சவ்வையும் பச்சையத்தையும் அரிக்கும். வெளியில் நமக்குத் தெரிவது கட்டை வேர், மஞ்சள் இலை, குட்டைப் பயிர். பசளைக் குறை என்று நினைத்து இன்னும் யூரியா போடுவோம்.

சரி, ஓமோன் என்றால் என்ன? பசளையா, மருந்தா?

இரண்டும் இல்லை. பயிர் தானே மிகச் சிறிய அளவில் செய்து, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் செய்தி. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்தால் துருசை எவ்வளவு திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் விடுவது என்று கூட்டம் போட்டுத் தீர்மானிக்கிறோம் அல்லவா? தகவல் வரம்பு வரம்பாகப் போகிறது. தகவல் தண்ணீர் அல்ல, ஆனால் தண்ணீர் எங்கே போகும் என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. ஓமோன் பயிருக்கு அப்படி. நஞ்சைக் கரைப்பதோ கொல்லுவதோ ஓமோனின் வேலை இல்லை. எந்த வாசலை மூடுவது, எதை வேரிலேயே பூட்டுவது, வளர்ச்சியை எங்கே நிறுத்தி எங்கே விடுவது என்ற கட்டளைகளை அது கொண்டுபோகும்.

எந்த ஓமோன் என்ன செய்கிறது?

அப்சிசிக் அமிலத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் வன்னி வெயிலில் நிற்கும் எந்தப் பயிருக்கும் அது பழக்கமானது. வரட்சி வந்தால் இலைவாய்களை மூடச் சொல்லுவது அதுதான். பார உலோகம் வந்தாலும் அதன் அளவு கூடும். இலைவாய் மூடினால் இலையால் நீர் ஆவியாவது குறையும். வேரிலிருந்து காழ் என்ற நீர்க்குழாய் வழியாக மேலே இழுபடும் நீர் குறையும், அதோடு சேர்ந்து கட்மியமும் குறைவாகவே மேலே ஏறும். தாய்வானில் நெல் நாற்றுகளை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கட்மியத்தைத் தாங்கிய இனத்தில் அப்சிசிக் அமிலம் வேகமாகக் கூடியது, தாங்காத இனத்தில் கூடவில்லை. தாங்காத இனத்துக்கு அதை வெளியிலிருந்து கொடுத்தபோது அதுவும் தாங்கியது. வேறொரு செடியில் செய்த ஆய்வுகளில், கட்மியம் நுழையும் இரும்பு வாசலையே இந்த ஓமோன் அடக்குவதும் தெரியவந்திருக்கிறது.

சலிசிலிக் அமிலம் வேறு வகை. இது கலத்தின் தற்காப்பு நொதியங்களைத் தயார்நிலையில் வைக்கிறது. அடங்காத ஒட்சிசனை அடக்கும் குளூட்டாதயோன் போன்ற பொருட்கள் கூடுகின்றன. குளூட்டாதயோனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதிலிருந்து பயிர் நீண்ட சங்கிலிகளைச் செய்து கட்மியத்தைப் பிடித்துக் கட்டும். கட்டியதைக் கலத்தின் புன்வெற்றிடம் என்ற சேமிப்புப் பைக்குள் தள்ளிப் பூட்டிவிடும். வேர்க் கலத்திலேயே பூட்டுப்பட்டால் கதிருக்கு வராது. பயிர் தன்னைக் காக்க எடுக்கும் வழிகளில் நமக்கும் சேர்த்து நன்மை தருவது இதுதான் என்பேன்.

பிராசினோஸ்டீரொயிட்டு என்ற கூட்டம் 1979இல் கடுகுக் குடும்பத்து ரேப் செடியின் மகரந்தத்திலிருந்து பிரித்து இனங்காணப்பட்டது. ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமிலும் மிகக் குறைந்த அளவே போதும். ஒளித்தொகுப்பைத் தாங்கிப்பிடிப்பதில் கெட்டிக்கார ஓமோன். ஜஸ்மோனிக் அமிலம் சிறு அளவில் உதவும், கூடினால் அதுவே பயிரை முதிரவைத்து வளர்ச்சியை நிறுத்தும்.

எதிலீன் பற்றிக் கவனமாகச் சொல்லவேண்டும். மாம்பழம் பழுக்கவைக்கும் அதே வாயுதான். கட்மியம் பட்ட பயிரில் எதிலீன் பெருகும். கொஞ்சம் இருந்தால் எச்சரிக்கை, நிறைய இருந்தால் வேர் வளர்ச்சி நிற்கும், இலை முன்கூட்டியே மஞ்சளாகும். ஆகவே இங்கே உதவி என்பது எதிலீனைக் கூட்டுவதல்ல, குறைப்பது.

ஒட்சினும் சைற்றோகைனினும் வளர்ச்சி ஓமோன்கள். கட்மியம் வேர்நுனியில் ஒட்சின் பரவுவதைக் குழப்புகிறது. முதல் வேர் குட்டையாகிப் பக்கவேர்கள் கண்டபடி கிளம்புவது அதனால்தான். வெளியிலிருந்து கொடுத்தால் வேர் மீளும், பயிர் தளைக்கும். அதில் ஒரு அபாயம் இருக்கிறது, அடுத்த பதிலில் வருகிறது.

அப்படியானால் ஓமோன் தெளித்தால் நெல் பாதுகாப்பாகிவிடுமா?

இல்லை. போத்தலின் படத்தில் பச்சைப்பசேலென்ற வயல் இருக்கும். அந்தப் பச்சை, நெல்மணிக்குள் கட்மியம் இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல.

ஓமோன் கொடுத்துச் செய்த பரிசோதனைகளில் சிலவற்றில் பயிருக்குள் உலோகம் குறைந்திருக்கிறது. சிலவற்றில் உலோகம் குறையாமலே பயிர் மட்டும் தேறியிருக்கிறது. சிலவற்றில் கூடியுமிருக்கிறது. அல்பல்பா என்ற தீவனப் பயிரில் ஈயத்தைக் கட்டும் ஒரு இரசாயனத்தோடு ஒட்சினைச் சேர்த்துக் கொடுத்தபோது இலைக்கு ஏறிய ஈயம் பல மடங்காகியது. அந்த ஆய்வாளர்கள் அதைத்தான் விரும்பினார்கள். மாசுபட்ட மண்ணிலிருந்து ஈயத்தைச் செடியால் உறிஞ்சி எடுத்து அகற்றுவது அவர்கள் நோக்கம். சூரியகாந்தி, கடுகு போன்றவற்றிலும் இப்படிச் செய்கிறார்கள். அதே ஓமோனை உண்ணும் கீரைக்குத் தெளித்தால்? தளதளவென்று வளர்ந்த கீரை, அதற்குள் ஈயம்.

வாடிய பயிர் ஒரு வகையில் நம்மை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை மருந்தால் மறைத்துவிட்டு விளைச்சலைச் சந்தைக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓமோன் உதவி தேவையான இடங்கள் உண்டு, ஆனால் மண்ணும் நீரும் நெல்மணியும் பரிசோதிக்கப்பட்ட பிறகு.

அஸ்பிரின் குளிசை கரைத்துத் தெளிக்கலாம் என்கிறார்கள். உண்மையா?

அஸ்பிரின் சலிசிலிக் அமிலத்தின் உறவு, நீரில் மெல்ல அதுவாக மாறும். கதை அங்கிருந்துதான் வந்தது. ஆய்வுகளில் விதையை ஊறவைக்க அல்லது இலையில் தெளிக்கப் பெரும்பாலும் பயன்படுத்துவது ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 15 தொடக்கம் 70 மில்லிகிராம் சலிசிலிக் அமிலம். அளவு கூடினால் முளைப்பு குறையும், இலை கருகும். குளிசையில் வேறு சேர்மானங்களும் உண்டு. பார்க்க ஆசையென்றால் ஒரு சட்டியில் நூறு விதை ஊறவைத்துப் பாருங்கள், பக்கத்தில் வெறும் தண்ணீரில் ஊறிய நூறும் இருக்கட்டும். ஏக்கர் கணக்கில் வேண்டாம். சிறுபோகத்தில் முளைகட்டி விதைப்பவர்களுக்கு விதை ஊறவைக்கும் முறை பொருந்தும். காலபோகத்தில் புழுதி விதைப்புச் செய்பவர்கள் ஊறிய விதையை மழை வருமுன் காய்ந்த மண்ணில் போட்டால் விதையே போய்விடும்.

முருங்கையிலைச் சாறும் இளநீரும் வேலை செய்யுமா?

செய்யும், அதற்குக் காரணமும் உண்டு. இரண்டிலும் சியற்றின் என்ற சைற்றோகைனின் இருக்கிறது. செடியின் சிறு துண்டிலிருந்து புதுச் செடி வளர்க்கும் இழைய வளர்ப்பு ஆய்வுகூடங்களில் இளநீரை 1940கள் முதல் பயன்படுத்தி வருகிறார்கள். முருங்கைச் சாற்றை வழக்கமாக ஒன்றுக்கு முப்பது பங்கு நீர் கலந்து தெளிப்பார்கள். உப்பும் கட்மியமும் சேர்ந்து தாக்கிய போஞ்சியில் இதைச் சோதித்து, வளர்ச்சியும் காயும் கூடியதாகக் கண்டிருக்கிறார்கள். இளம் இலையாக எடுத்து அரைத்து, வடித்து, அன்றைக்கே தெளியுங்கள். வைத்திருந்தால் புளித்துவிடும். வேலியில் நிற்கும் முருங்கைக்குச் செலவில்லை. பற்றரி உடைத்த மூலையில் நிற்கும் முருங்கையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கடற்பாசிச் சாறும் இப்போது விற்கிறார்கள். ஓமோன் அதிலும் உண்டு. ஆனால் கடற்பாசி கடல்நீரிலிருந்து ஆசனிக் போன்றவற்றைத் தானே உறிஞ்சி வைத்திருக்கும் இயல்புடையது. பகுப்பாய்வு அறிக்கை இல்லாத போத்தலை நான் வாங்கமாட்டேன்.

பற்றீரியா கலந்த உயிர்ப்பசளை பற்றி?

மேலே எதிலீனைக் குறைப்பது என்றேன். அதைச் செய்யும் மண் பற்றீரியாக்கள் இருக்கின்றன. பயிர் எதிலீன் செய்ய வைத்திருக்கும் மூலப்பொருளை வேரிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுவிடும். சில இனங்கள் ஒட்சினும் செய்யும். உளுந்து, பயறு, கவ்பி, கச்சான் போடும் காணிகளில் இதற்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று நம்புகிறேன். சேதனப் பொருள் இல்லாத மண்ணில் அவை பிழைக்காது, கூட்டெரு சேர்த்துத்தான் போடவேண்டும்.

ஓமோனைவிட முதலில் செய்யவேண்டியது என்ன?

தண்ணீர். வயலில் வெள்ளம் நிற்கும்போது கட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத வடிவமாகி மண்ணிலேயே தங்கிவிடும். காய்ந்தால் மறுபடி கரைந்து வேருக்குப் போகும். கதிர் வெளிவரும் நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று வாரம் வயலை ஈரமாக வைத்திருக்கும்படி யப்பானில் கட்மிய மண்ணுக்குச் சொல்கிறார்கள். ஆசனிக்குக்கு நேர் எதிர்: வெள்ளம் நின்றால்தான் அது கரையும், இடையிடையே காயவிட்டால் குறையும். அதனால்தான் எது இருக்கிறது என்று தெரியாமல் நீரை மாற்றக் கூடாது. சிறுபோகத்தில் கடைசி வாய்க்கால் வயல்களுக்குக் கதிர் வெளிவருமுன் உள்ள குடலைப் பருவத்தில் தண்ணீர் அறுந்துபோவது விளைச்சல் பிரச்சினை மட்டுமல்ல, கட்மியம் உள்ள மண்ணென்றால் நெல்மணியின் தரப் பிரச்சினையும்தான். குளக் கூட்டங்களில் இதையும் பேசவேண்டும்.

அடுத்தது மண். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைக் குறைத்தால் கட்மியமும் ஈயமும் அசையாமல் கிடக்கும். நாகக் குறைபாடுள்ள மண்ணில் நாகம் போட்டால் அது கட்மியத்தோடு போட்டிபோடும். வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்பினால், உமிக்கரி போட்டால், சிலிக்கன் கிடைக்கும். கட்மியத்துக்கு அது நல்லது. ஆசனிக் இருக்கும் வயலில் பச்சை வைக்கோலை வெள்ளத்துக்குள் அமுக்கினால் ஆசனிக் கரைவது கூடும், அங்கே உமிக்கரியே மேல்.

இனமும் முக்கியம். யப்பானில் கொசிகிக்காரி என்ற நெல்லிலிருந்து கட்மியம் ஏறாத ஓர் இனத்தை உருவாக்கி 2012இல் வெளியிட்டார்கள். நான் மேலே சொன்ன மங்கனீசு வாசல் அதில் பழுதாக்கப்பட்டிருக்கிறது. நம் இனங்களில் எது குறைவாக ஏற்றுகிறது என்று வயலில் வைத்துப் பார்ப்பது அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு.

ஈயம் இருக்கலாம் என்று பயமாக இருக்கிறது. தோட்டத்தில் எதை வைக்கலாம்?

ஈயம் பெரும்பாலும் வேரைத் தாண்டி ஏறாது. ஆகவே மிளகாய், கத்தரி, வெண்டி, பயற்றங்காய் போன்ற காய்கள் ஓரளவு பாதுகாப்பு. கீரையும் கிழங்கும் தவிருங்கள். கீரையில் உள்ளே ஏறியதைவிட மேலே ஒட்டிய தூசியே பெரிய ஆபத்து, பறித்த எதையும் நன்றாகக் கழுவுங்கள். பிள்ளைகள் அந்த மண்ணில் விளையாடாமல் பார்த்துக்கொள்வது இதையெல்லாம்விட முக்கியம்.

சோறு சமைக்கும் முறையில் ஏதும் குறையுமா?

ஆசனிக் குறையும். நிறையத் தண்ணீரில் அவித்துக் கஞ்சி வடிக்கும் நம் பழைய முறையே நல்லது. நீர் சுத்தமாக இருக்கவேண்டும், அந்தக் கஞ்சியைக் குடிக்காமல் விடவேண்டும். கட்மியத்தை இப்படி நம்பிக் குறைக்க முடியாது. தீட்டிய அரிசியில் கட்மியத்துக்குச் சர்வதேச உணவு நியமம் (கோடெக்ஸ்) வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், அசேதன ஆசனிக்குக்கு 0.2 மில்லிகிராம். அறிக்கை கையில் வந்தால் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாதிரி எப்படி எடுப்பது?

காலபோக உழவுக்கு முன் எடுங்கள், பசளை போட்ட பிறகு வேண்டாம். ஒரு ஏக்கரில் பத்து இடங்களாவது, குறுக்கும் மறுக்குமாக நடந்து, 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை. துருப்பிடித்த மண்வெட்டியும் நாகமுலாம் பூசிய வாளியும் கூடாது, பிளாஸ்டிக் வாளி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பையில் போட்டுக் காணியின் பெயரும் திகதியும் எழுதுங்கள். சந்தேகமான மூலை இருந்தால் அதைத் தனிப் பையில் போடுங்கள், மற்றதோடு கலந்தால் மறைந்துவிடும். வழக்கமான பசளைப் பரிந்துரைக்கான மண் பரிசோதனையில் கட்மியமும் ஈயமும் பார்க்கமாட்டார்கள். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்கும்போது பார உலோகம் பார்க்கவேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அறுவடை முடிந்ததும் அதே காணியின் நெல்லில் ஒரு கிலோவை எடுத்து வையுங்கள். மண் அறிக்கையில் எண் கூடியிருந்தால் அடுத்துப் பார்க்கவேண்டியது அந்த நெல்லைத்தான்.